வேலை மாறும்போது பிஎஃப் பணத்தை எடுக்கிறீங்களா? அந்த ஒரு கிளிக்கோட விலை என்னன்னு பார்க்கலாம்



புது கம்பெனி ஆஃபர் லெட்டர் கையில இருக்கு. சம்பளம் 30 சதவீதம் கூட. பழைய கம்பெனியில நோட்டீஸ் பீரியட் முடிஞ்சு, லேப்டாப்பை ஒப்படைச்சு, கேன்டீன்ல கேக் வெட்டி, வாட்ஸ்அப் குரூப்ல 'கீப் இன் டச்' போட்டாச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் சும்மா படுத்திருக்கும்போது ஞாபகம் வருது: "அட, பழைய கம்பெனி பிஎஃப் ஒண்ணு இருக்கே, எவ்வளவு இருக்கும்?" திறந்து பார்த்தா ஒரு லட்சத்துக்குப் பக்கத்துல இருக்கு. ஐபோன் இஎம்ஐயை மொத்தமா கட்டி முடிச்சிடலாம். கிரெடிட் கார்டு பாக்கியையும் அடைச்சிடலாம். இன்னும் 31 வருஷம் கழிச்சு வரப்போற ரிடையர்மென்டுக்கு இப்போ என்ன அவசரம்?

இந்தக் கட்டுரை அந்த ஞாயித்துக்கிழமை மத்தியானத்தைப் பத்திதான். ரிடையர்மென்ட் பிளானிங்னு தேடினா எந்த ஃபண்டு, எந்த பாலிசி, எத்தனை கோடின்னுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறாங்க. ஆனா உங்க ரிடையர்மென்ட் சேமிப்பு உங்களைக் கேட்காமலேயே ஆரம்பிச்சாச்சு. முதல் பே ஸ்லிப்லயே பேசிக்ல 12 சதவீதம் பிடிச்சிட்டாங்க இல்லையா, அதுதான். அது வளருதா, மூணு வருஷத்துக்கு ஒருமுறை ஜீரோவுக்கு வருதாங்கறதை மட்டும் நீங்க முடிவு பண்றீங்க.

நான் ரெண்டு தடவை ஜீரோவாக்கினவன். அதனால உபதேசம் பண்ற தகுதி எனக்கு இல்லை. நடந்ததைச் சொல்றேன்.

பைக்கும் மண்டபமும்

2011-ல சென்னையில முதல் வேலை. 2014 மார்ச்ல அதை விட்டேன். அப்போ யுஏஎன் எல்லாம் வரலை. ஃபார்ம் 19, ஃபார்ம் 10சி ரெண்டையும் பேப்பர்ல நிரப்பி, கேன்சல் பண்ணின செக் லீஃப் ஒண்ணைச் சேர்த்துக் கொடுக்கணும். ஃபார்ம் 19 எதுக்கு, 10சி எதுக்குன்னு நான் கேட்கவே இல்லை. எச்ஆர்ல "ரெண்டுலயும் கையெழுத்துப் போடுங்க" என்றார்கள், போட்டேன். எல்லாம் சேர்த்து 70 ஆயிரத்துச் சொச்சம் வந்தது. 150 சிசி பைக் ஒண்ணு வாங்கினேன். அஞ்சு வருஷம் ஓட்டி 22 ஆயிரத்துக்கு வித்தேன்.

ரெண்டாவது தடவை 2018. கல்யாணம் வெச்சிருந்தாங்க. வேலை மாறும்போது நடுவுல ரெண்டு மாசம் இடைவெளி விட்டேன். ஒன்னே முக்கால் லட்சம் வந்தது. மண்டபத்துக்கும் சமையல் கான்ட்ராக்டுக்கும் போயிடுச்சு. அப்போ ரொம்பப் பெருமையா இருந்தது, வீட்டுல ஒரு பைசா கேட்காம என் கல்யாணச் செலவை நானே பார்த்துக்கிட்டேன்னு.

அதே வருஷம் தீபாவளிக்கு முன்னாடி, சொல்லாம கொள்ளாம நைட் பஸ் ஏறி கோயம்புத்தூர் போனேன். காலையில அஞ்சரை மணிக்கு வீட்டுக் கதவைத் தட்டினா அம்மா மட்டும்தான் இருந்தாங்க. "அப்பா வாக்கிங் போயிருக்காரு கண்ணு, வந்துருவாரு" என்றார்கள். ஆறரைக்கு அப்பா வந்தார். கையில டிஃபன் கேரியர். நீலக் கலர் சட்டை, தோள்ல செக்யூரிட்டி ஏஜென்சி பேட்ஜ். என்னைப் பார்த்ததும் வாசல்லயே நின்னுட்டார்.

அப்புறம் சிரிச்சுக்கிட்டே, "சும்மா வீட்டுல உக்காந்து என்ன பண்றது கண்ணு, பொழுது போகோணுமில்ல" என்றார்.

பொழுது போறதுக்கு யாரும் ராத்திரி எட்டு மணியில இருந்து காலைல ஆறு மணி வரைக்கும் அபார்ட்மென்ட் கேட்டுல உட்கார மாட்டாங்க. மாசம் 9,000 ரூபாய் சம்பளம். அப்பாவுக்கு அப்போ 64 வயசு. ஸ்பின்னிங் மில்லுல 30 வருஷத்துக்கு மேல வேலை பார்த்து 2012-ல ரிடையர் ஆனவர். அவருடைய பிஎஃப் பென்ஷன் மாசம் 1,800 சொச்சம். பிஎஃப் தொகை? பாதி வீடு கட்டும்போது போச்சு, மீதியில பெரும்பகுதி அக்கா கல்யாணத்துக்குப் போச்சு. ரிடையர் ஆகும்போது கைக்கு வந்தது ரொம்பக் கொஞ்சம்.

அவர் எடுத்ததுல நான் தப்பு சொல்ல மாட்டேன். மில் சம்பளத்துல ரெண்டு பிள்ளைகளைப் படிக்க வெச்சவருக்கு வேற வழி இல்லை. எனக்கு வழி இருந்தது. பைக்கை லோன்ல வாங்கியிருக்கலாம். மண்டபத்தைச் சின்னதா பிடிச்சிருக்கலாம்.

1,800 ரூபாய் எப்படி வந்தது?

அப்பாவோட பென்ஷன் ஏன் இவ்வளவு கம்மின்னு எனக்கு ரொம்ப நாள் புரியலை. கணக்குப் போட்டுப் பார்த்தப்போதான் என் கதையும் இதே பாதையிலதான் போகுதுன்னு தெரிஞ்சது.

உங்க பேசிக்ல 12 சதவீதம் நீங்க போடறீங்க. அதே 12 சதவீதத்தை கம்பெனியும் போடுது. கம்பெனி பங்குல 8.33 சதவீதம் இபிஎஸ் என்கிற பென்ஷன் திட்டத்துக்குப் போகும், மிச்சம் 3.67 சதவீதம்தான் உங்க பிஎஃப் கணக்குக்கு வரும். பென்ஷனுக்குப் போறதுக்கு ஒரு உச்சவரம்பு இருக்கு. இப்போ 15,000 ரூபாய் சம்பளம்தான் கணக்கு. அதனால உங்க பேசிக் 40,000-ஆ இருந்தாலும் பென்ஷனுக்குப் போறது மாசம் 1,250 ரூபாய்தான். 2014 ஆகஸ்ட் வரைக்கும் அந்த உச்சவரம்பு 6,500-ஆ இருந்தது.

பென்ஷன் சூத்திரம் ரொம்ப எளிமை. பென்ஷன் சம்பளத்தை சர்வீஸ் வருஷத்தால பெருக்கி 70-ஆல வகுக்கணும். இந்தத் திட்டம் 1995 நவம்பர்லதான் வந்தது, அதனால அப்பாவுக்கு இதுல கணக்கானது 16 வருஷம். 6,500 பெருக்கல் 16, வகுத்தல் 70. வருவது 1,486 ரூபாய். அதுக்கு முந்தைய சர்வீஸுக்குன்னு இன்னும் கொஞ்சம் சேர்த்து 1,800 சொச்சம். அவ்வளவுதான், எந்த மோசடியும் இல்லை.

இன்னிக்கு 15,000 உச்சவரம்புல 35 வருஷம் முழுசா சர்வீஸ் போட்டாலும் 7,500 ரூபாய். 20 வருஷம் முடிச்சவங்களுக்குக் கிடைக்கிற ரெண்டு வருஷ போனஸைச் சேர்த்தாலும் எட்டாயிரத்தைத் தொடாது. விலைவாசி ஏற ஏற இந்தப் பென்ஷன் ஏறாது. பழைய பென்ஷன் திட்டத்துல இருக்கிற அரசு ஊழியருக்கு அகவிலைப்படி சேர்ந்துக்கிட்டே போகும். உங்க பக்கத்து வீட்டு ரிடையர்டு ஹெட்மாஸ்டரைப் பார்த்து "நமக்கும் ஏதாவது வரும்"னு மனசுக்குள்ள நினைச்சிட்டு இருந்தா, அந்த நினைப்பை இப்பவே எடுத்துடுங்க. தமிழ்நாட்டு அரசு வேலையிலேயே 2003 ஏப்ரல் 1-க்கு அப்புறம் சேர்ந்தவங்களுக்கு அந்தப் பழைய பென்ஷன் பொருந்தாமப் போச்சு. அதுக்குத்தான் இத்தனை வருஷமா போராட்டம் நடந்தது.

இப்போ இன்னொரு முக்கியமான விஷயம். 2014 செப்டம்பர் 1-க்கு அப்புறம் முதல்முறையா பிஎஃப்ல சேர்ந்தவங்க, சேரும்போதே பேசிக் 15,000-க்கு மேல இருந்தா, இபிஎஸ்ல வரவே மாட்டாங்க. கம்பெனியோட 12 சதவீதமும் முழுசா பிஎஃப்புக்கே வரும். பாஸ்புக்கைத் திறந்து கடைசி காலத்தைப் பாருங்க. அதுல 1,250-னு மாசாமாசம் இருந்தா நீங்க பென்ஷன் திட்டத்துல இருக்கீங்க. ஜீரோன்னு இருந்தா இபிஎஃப்ஓ கிட்ட இருந்து உங்களுக்குப் பென்ஷன்னு ஒண்ணு வராது. பிஎஃப்ல சேர்ற மொத்தத் தொகைதான் உங்க பென்ஷன். அதை எடுத்துட்டா பென்ஷனை எடுத்த மாதிரிதான்.

நான் கேட்காம கையெழுத்துப் போட்ட ஃபார்ம் 10சி-க்கு இப்போ வர்றேன். ஃபார்ம் 19 பிஎஃப் பணத்துக்கு, 10சி பென்ஷன் கணக்குல இருக்கிறதை எடுக்க. பத்து வருஷ சர்வீஸ் முடியலைன்னா அதை எடுக்கலாம். எடுத்தா அந்த சர்வீஸ் வருஷங்கள் அழிஞ்சிடும். பென்ஷன் கிடைக்க குறைஞ்சபட்சம் பத்து வருஷம் வேணும், ஆனா அது ஒரே கம்பெனியில இருக்கணும்னு இல்லை. மூணு கம்பெனி, நாலு கம்பெனின்னு சேர்த்துக்கலாம். நான் மூணு வருஷத்தை ஒருமுறை அழிச்சேன், நாலு வருஷத்தை இன்னொரு முறை அழிச்சேன். ஏழு வருஷ சர்வீஸ். இன்றைய சூத்திரப்படி அதோட மதிப்பு 58 வயசுல இருந்து ஆயுசு முழுக்க மாசம் சுமார் 1,100 ரூபாய்.

அதோட நிக்கலை. மூணாவது கம்பெனியில சேரும்போது என் பேசிக் 15,000-க்கு மேல. பழைய கணக்கை மாத்தியிருந்தா பென்ஷன் திட்டத்துல தொடர்ந்திருப்பேன். அதை நானே மூடிட்டதால புது ஆளா உள்ளே நுழைய முடியலை. இப்போ என் பாஸ்புக்குல அந்தக் கடைசி காலம் காலி.

24 வயசுல போடற சின்னப் பணம், 57 வயசுல போடற பெரிய பணம்

"ஆரம்ப சம்பளத்துல பிஎஃப் கொஞ்சம்தானே ப்ரோ, அதை எடுத்தா என்ன? பின்னாடி பெரிய சம்பளம் வரும்போது சேர்த்துக்கலாம்." இது நியாயமான கேள்வி. நானும் அப்படித்தான் நினைச்சேன். இதுக்கு ஒரு சின்ன கணக்கு.

24 வயசுல பேசிக் 20,000-ன்னு வெச்சுக்கோங்க. இபிஎஸ் இல்லை. கம்பெனி முழு பேசிக்குக்கும் 12 சதவீதம் போடுது. ரெண்டு பங்கும் சேர்த்து மாசம் 4,800, வருஷத்துக்கு 57,600. சம்பளம் வருஷம் 8 சதவீதம் ஏறுது, பிஎஃப் வட்டி 8 சதவீதம். நடப்புல 2023-24, 2024-25 ரெண்டு வருஷமும் 8.25 கொடுத்தாங்க, நான் கொஞ்சம் குறைச்சே வெச்சிருக்கேன்.

முதல் வருஷம் போட்ட 57,600 ரூபாய் 58 வயசுல எவ்வளவு ஆகும்? சுமார் 7.3 லட்சம்.

57 வயசுல, அதாவது கடைசி வருஷம், எவ்வளவு போடுவீங்க? அப்போ பேசிக் ரெண்டரை லட்சத்தைத் தாண்டியிருக்கும். அந்த வருஷம் முழுக்க பிஎஃப்புக்குப் போறது சுமார் 7.3 லட்சம்.

ரெண்டும் ஒண்ணு! சம்பள உயர்வும் வட்டியும் ஒரே வேகத்துல ஓடினா, ஒவ்வொரு வருஷப் பணமும் கடைசியில ஒரே எடைதான். 34 வருஷ சர்வீஸ்ல ஒவ்வொரு வருஷமும் 34-ல ஒரு பங்கு. மூணு வருஷத்தை எடுத்தா 34-ல மூணு பங்கு போச்சு. 40 வயசு வரைக்கும் ஒவ்வொரு தடவை வேலை மாறும்போதும் எடுத்துக்கிட்டே வந்தா 16 பங்கு போச்சு, கிட்டத்தட்ட பாதி. சம்பளம் 8 சதவீதத்தை விட வேகமா ஏறினா ஆரம்ப வருஷங்களோட எடை கொஞ்சம் குறையும், மெதுவா ஏறினா கூடும். ஐடியில முதல் பத்து வருஷம் வேகமா ஏறும்தான். ஆனா 45-க்கு மேல இன்க்ரிமென்ட் எப்படி இருக்கும்னு உங்க ஆஃபீஸ்ல சீனியர் யாரையாவது கேட்டுப் பாருங்க.

ரூபாயில சொல்றேன். ஒருமுறைகூட எடுக்காதவருக்கு 58-ல சுமார் 2.48 கோடி. 40 வரைக்கும் எடுத்துக்கிட்டே இருந்தவருக்கு 1.31 கோடி.

இந்த இடத்துலதான் பல வீடியோக்கள் "2.48 கோடி!"ன்னு தம்ப்நெயில் போட்டு நிறுத்திடும். நம்ம சேனல்லயும் ஆரம்பத்துல அப்படி ரெண்டு மூணு போட்டிருக்கோம், ஒத்துக்கறேன். 34 வருஷம் கழிச்சு வர்ற கோடியை இன்னிக்கு ரூபாயா மாத்திப் பார்க்காம பேசறது ஏமாத்து வேலை. விலைவாசி வருஷம் 6 சதவீதம் ஏறுதுன்னு எடுத்தா, 2.48 கோடி இன்றைய மதிப்புல சுமார் 34 லட்சம். 1.31 கோடி சுமார் 18 லட்சம்.

இன்னிக்கு உங்க வீட்டுச் செலவு மாசம் 30,000-ன்னு வெச்சுக்குவோம். ரிடையர் ஆன பிறகு மீதிப் பணத்துக்கு வர்ற வட்டி விலைவாசியைச் சமாளிக்கும், அதுக்கு மேல ஒண்ணும் இல்லைன்னு எடுத்துக்குவோம். 34 லட்சம் ஒன்பதரை வருஷம் வரும். 67 வயசு வரைக்கும் சமாளிக்கலாம். 18 லட்சம் அஞ்சு வருஷம்தான், 63-ல தீர்ந்திடும்.

அந்த நீலச் சட்டையில அப்பாவைப் பார்த்தப்போ அவருக்கு 64.

எடுக்கலை சரி, 67-க்கு அப்புறம்?

இந்தக் கணக்குல இன்னொண்ணும் தெரியுது. பிஎஃப்பை ஒரு பைசா தொடாம வெச்சாலும் 67 வரைக்கும்தான். 85 வயசு வரைக்கும் வாழ்வோம்னு எடுத்துக்கிட்டா இன்னும் 17, 18 வருஷம் இருக்கு. அதுக்கு இன்றைய மதிப்புல 60 லட்சத்துக்கு மேல தனியா வேணும். அதே 8 சதவீத வளர்ச்சியில அதைச் சேர்க்கணும்னா, 24 வயசுல மாசம் 9,000-க்குப் பக்கத்துல ஆரம்பிச்சு வருஷாவருஷம் 8 சதவீதம் கூட்டிக்கிட்டே போகணும்.

9,000-ங்கறது கையில 40,000 வாங்கறவருக்குப் பெரிய தொகை. வாடகை, ஊருக்கு அனுப்பற பணம், எஜுகேஷன் லோன் எல்லாம் இருக்கும். எனக்குத் தெரியும். அதனால ஒரேயடியா வேண்டாம். நான் செஞ்சதைச் சொல்றேன், இது சிபாரிசு இல்லை. ஒவ்வொரு இன்க்ரிமென்ட்லயும் கூடின தொகையில பாதியை, அந்தச் சம்பளம் அக்கவுன்ட்ல விழற முதல் மாசமே திருப்பி விட்டுடுவேன். ரெண்டாவது மாசம்னா முடியாது, அதுக்குள்ள கை பழகிடும். முதல்ல விபிஎஃப்ல போட்டேன். எச்ஆர் கிட்ட ஒரு மெயில் அனுப்பி 12 சதவீதத்துக்கு மேல பிடிக்கச் சொன்னா போதும், பிஎஃப்போட அதே வட்டி. உங்க பங்கு வருஷத்துக்கு ரெண்டரை லட்சத்தைத் தாண்டினா, தாண்டின பணத்துக்கு வர்ற வட்டிக்கு வரி உண்டு. 2021-ல இருந்து இந்த விதி. நம்ம சம்பளத்துக்கு அந்தக் கவலை ஆரம்பத்துல வராது. அப்புறம் நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்ட்ல ஒரு எஸ்ஐபி. அது ஏறும், இறங்கும், எதுக்கும் கேரண்டி கிடையாது. ஆனா 30 வருஷம் தொட வேண்டாத பணத்தை முழுக்க வட்டிக்கே போடறதும் ஒருவகை ரிஸ்க்தான்.

புது வரி முறையில இருக்கிறவங்க ஒண்ணு விசாரிங்க. கம்பெனி உங்க பேர்ல என்பிஎஸ்ல போடறது பேசிக்ல 14 சதவீதம் வரைக்கும் வரிக்கழிவு உண்டு. நிறைய கம்பெனிகள்ல இந்த வசதி இருக்கு, யாரும் கேட்கிறதில்லை. ஆனா பணம் ரொம்ப நாளைக்குப் பூட்டப்படும். முடிவுல ஒரு பகுதிக்கு ஆனுய்ட்டி வாங்கியே ஆகணும். அது தெரிஞ்சே போங்க.

40 வயசுல ஆரம்பிச்சா? அதே இடத்துக்குப் போய்ச் சேர, சம்பளத்துல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு பங்கை ஒதுக்கணும். அப்போ பிள்ளைகள் ஸ்கூல் ஃபீஸும் ஹோம் லோனும் உச்சத்துல இருக்கும். எனக்கு அந்த வயசு ரொம்ப தூரத்துல இல்லை. அதனால இந்த வரியை எழுதும்போது வயித்துல ஏதோ பண்ணுது.

மாத்தறது எப்படி, எங்க மாட்டும்

2025 அக்டோபர்ல இபிஎஃப்ஓவோட மத்திய அறங்காவலர் குழு ஒரு முடிவெடுத்தது. வேலை போன பிறகு முழுப் பணத்தையும் எடுக்கக் காத்திருக்க வேண்டிய காலம் ரெண்டு மாசம்னு இருந்ததை 12 மாசமாக்கறது, 25 சதவீதத்தை எப்பவும் கணக்குல இருப்பா வைக்கறது. "என் பணத்தை எடுக்க நீ யார்?"னு சோஷியல் மீடியாவுல ஒரே சத்தம். வேலை போய் வீட்டுல உட்கார்ந்திருக்கிறவரோட கோபம் எனக்குப் புரியுது. ஆனா அப்போ தொழிலாளர் அமைச்சகம் சொன்ன ஒரு எண்ணைக் கவனிங்க. கணக்கை முடிச்சுப் பணம் வாங்கும்போது பாதிப் பேர் கணக்குல 20,000 ரூபாய்கூட இல்லை. கொஞ்சம் கொஞ்சமா எடுத்து எடுத்து, கடைசியில மிஞ்சினது அவ்வளவுதான்.

உண்மையில அடுத்த வேலையில சேர்ந்தவங்க பழைய பிஎஃப்பை முழுசா எடுக்கறது விதிப்படியே சரியில்லை. மாத்திக்கத்தான் வேணும். அஞ்சு வருஷத் தொடர் சர்வீஸ் முடியறதுக்குள்ள எடுத்தா வரியும் உண்டு. 50,000-க்கு மேலன்னா, பான் கொடுத்திருந்தாலும், 10 சதவீதம் டிடிஎஸ் பிடிச்சுக்கிட்டுத்தான் கொடுப்பாங்க. மாத்திட்டா பழைய கம்பெனி வருஷங்களும் அந்த அஞ்சுல சேரும்.

மாத்தறதுக்கு யுஏஎன் போர்ட்டல்ல போய் ஆன்லைன்லயே விண்ணப்பிக்கலாம். பல சமயம் பழைய கம்பெனி ஒப்புதல்கூட இப்போ தேவைப்படறதில்லை. மாட்டற இடம் பெரும்பாலும் பேர்தான். ஆதார்ல 'கார்த்திகேயன் எஸ்', பிஎஃப்ல 'எஸ் கார்த்திகேயன்', பான்ல அப்பா பேர் முழுசா. நம்ம ஊர் இனிஷியல் பழக்கம் அந்த சிஸ்டத்துக்குப் புரியாது. வேலையை விடறதுக்கு முன்னாடியே, எச்ஆர் உங்க மெயிலுக்குப் பதில் போடற காலத்துலயே இதைச் சரி பண்ணிடுங்க. அடுத்து, பழைய கம்பெனி 'டேட் ஆஃப் எக்ஸிட்' போட்டிருக்கான்னு பாருங்க. போடலைன்னா, கடைசியாப் பணம் கட்டின மாசத்துல இருந்து ரெண்டு மாசம் கழிச்சு நீங்களே போட்டுக்கலாம். புது கம்பெனியில சேரும்போது "யுஏஎன் இருக்கா?"ன்னு கேட்டா மறந்துடுச்சுன்னு சொல்லிடாதீங்க. புதுசா இன்னொரு யுஏஎன் போட்டுட்டா ரெண்டையும் சேர்க்கறது பெரிய தலைவலி.

மாத்தின பிறகு பென்ஷன் காலத்துல பழைய தொகை வரலையேன்னு நிறைய பேர் பதறுவாங்க. பென்ஷன் தொகையை வெச்சு கணக்காகறது இல்லை, சர்வீஸ் வருஷத்தை வெச்சு கணக்காகுது. சர்வீஸ் ஹிஸ்டரியில பழைய கம்பெனி தேதிகள் சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க. கொஞ்ச நாள் வேலைக்கே போகப்போறதில்லைன்னாலும் 10சி-ல பணத்துக்குப் பதிலா ஸ்கீம் சர்டிஃபிகேட் கேட்டு வாங்கி வெச்சுக்கலாம், வருஷங்கள் அழியாது.

நாமினி போட்டாச்சா? கல்யாணத்துக்கு முன்னாடி போட்டதுன்னா, இப்போ மறுபடி போடணும்.

இத்தனையும் சொல்லிட்டு ஒண்ணை ஒத்துக்கணும். பிஎஃப்பை எடுக்கிறவங்க எல்லாரும் ஐபோனுக்காக எடுக்கலை. திடீர்னு வேலை போகுது, வீட்டுல யாருக்கோ ஆஸ்பத்திரி செலவு, கையில வேற எதுவும் இல்லை. அப்போ பிஎஃப்தான் கண்ணுக்குத் தெரியும். எடுக்க வேண்டி வந்தா எடுங்க, குற்ற உணர்ச்சி வேண்டாம். ஆனா அந்த நிலைமை வராம இருக்க, மூணு மாசச் செலவுக்கான பணம் ஒரு தனி அக்கவுன்ட்லயோ எஃப்டியிலயோ இருக்கணும். கம்பெனி கொடுக்கிற குரூப் இன்ஷூரன்ஸ் வேலையோட போயிடும், அதனால சொந்தமா ஒரு ஹெல்த் பாலிசியும் வேணும். இது ரெண்டும் இல்லாம ரிடையர்மென்டுக்கு எஸ்ஐபி போடறது, ஓட்டைப் பானையில தண்ணி ஊத்தற மாதிரி. மாசாமாசம் போடுவீங்க, ஒரு நாள் மொத்தமா உடைப்பீங்க. இதை எங்களுக்கு வர்ற மெயில்கள்ல திரும்பத் திரும்பப் பார்க்கறேன்.

அப்பா 2021-ல செக்யூரிட்டி வேலையை விட்டார். கொரோனா நேரம், நாங்க விடலை. அப்போ இருந்து மாசம் ஒண்ணாம் தேதி 10,000 ரூபாய் அவர் அக்கவுன்ட்டுக்குத் தானா போகுது. முதல் ரெண்டு மாசம் "எதுக்குடா இது"ன்னு ஃபோன் பண்ணினார், அப்புறம் பண்ணலை. என் பட்ஜெட்ல அந்த 10,000-ஐ 'கடன்'னு எழுதறதா 'செலவு'ன்னு எழுதறதான்னு இன்னும் முடிவு பண்ணலை. என் பொண்ணு பட்ஜெட்ல இப்படி ஒரு வரி வரக்கூடாதுன்னு மட்டும் இருக்கேன்.

சரி, இன்னிக்கு ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி உமாங் ஆப்லயோ இபிஎஃப்ஓ தளத்துலயோ பாஸ்புக்கைத் திறங்க. உங்க யுஏஎன்க்குக் கீழ எத்தனை மெம்பர் ஐடி தொங்குது, எதுல எவ்வளவு இருக்குன்னு பாருங்க. எனக்கு மூணு இருக்கு. ரெண்டாவதுல 312 ரூபாய், ஏதோ ஒரு வருஷத்து வட்டி பாக்கி. அதையும் மாத்தச் சொல்லி விண்ணப்பம் போட்டிருக்கேன். வந்ததும் அடுத்த வீடியோவுல ஸ்கிரீன்ல காட்டறேன்.